செருப்போடு வரலாம்

எனக்கு மூக்கு மேல் கோபம். இதை என் கணவர் சொல்வார், பிள்ளைகள் சொல்வார்கள், குண்டசாலை பஸ்ஸில் இறங்க வழிவிடாமல் படியில் நிற்பவர்கள்கூடச் சொல்லியிருக்கிறார்கள். நான் மறுப்பதில்லை. அந்தக் கோபத்தையும் வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு பெரிய பிழையையும், ஒருவர் அதைப் பொறுமையாக எனக்குக் காட்டித் தந்ததையும் எழுதி வைக்கத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். நன்றியை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. திட்டுவதற்கு மட்டும் நன்றாக வரும்.

நான் வீட்டுப் பிளான் கீறுகிறவள். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக இதே வேலை. பிறந்து வளர்ந்தது மஹய்யாவையில், கல்யாணமாகிப் போனது குண்டசாலைக்கு. கண்டியைச் சுற்றியுள்ள மேடு பள்ளங்களில் எங்கே சுவர் வைத்தால் மண் சரியாமல் நிற்கும், எந்தப் பக்கம் ஜன்னல் வைத்தால் சாரல் கட்டிலை நனைக்காது என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீடு கட்டுகிறவர்களின் ஆசைகளும் தெரியும். எல்லோருக்கும் ஹோல் பெரிதாக வேண்டும், சமையலறை எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை. ஆனால் வீடே இல்லாதவர்களுக்கு ஒரு வீட்டை யோசிக்க வேண்டி வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அந்த வேலையைக் கொண்டுவந்தவர் மிஸ்ஸி. இங்கே நர்ஸ்மாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இவர் அம்பிட்டியவில் இருப்பவர், ஓய்வுபெற்றுச் சில வருடங்களாகின்றன. என் அப்பாவுக்குச் சீனி நோயால் காலில் புண் வந்தபோது, வேலை முடிந்து வீட்டுக்குப் போகுமுன் தினமும் மஹய்யாவைக்கு ஏறி வந்து மருந்து கட்டிவிட்டுப் போனவர். நாங்கள் யாரும் அவரைக் கேட்கவில்லை. அப்பாவைக் கிளினிக்கில் பார்த்திருக்கிறார், படியேற முடியாத மனிதர் என்று விளங்கியிருக்கிறது, வந்துவிட்டார். கடைசியில் அப்பாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கத்தான் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. ஆனாலும் அவ்வளவு மாதமும் எங்கள் வீட்டில் ஒரு நாற்றம் வராமல் இருந்ததற்கு மிஸ்ஸிதான் காரணம். அப்படிப்பட்டவர் வந்து ஒரு வேலை சொன்னால் முடியாது என்று சொல்ல நாக்கு எழும்புமா?

"என் அண்ணன் வீடு சும்மா பூட்டிக் கெடக்கு பிள்ள" என்றார் மிஸ்ஸி. "மஹய்யாவைக்குக் கொஞ்சம் மேல. நாலு கட்டில் போடலாம். ஆஸ்பத்திரியில துண்டு வெட்டினா, வீடு உள்ளவங்க வீட்டுக்குப் போறாங்க. வீடு இல்லாதவங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போறாங்க. அந்த சிமெந்துத் தரையில படுத்தா புண்ணு ஆறுமா? நீ வந்து பாரு. ஆறுற மாதிரி ஒரு எடமாக்கித் தா."

துண்டு வெட்டுவது என்றால் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது. முப்பது வருடம் வார்டில் நின்று அந்தத் துண்டுகளைக் கையில் கொடுத்தவர் அவர். எத்தனை பேர் அதை வாங்கிக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கேட்டருகே நின்றார்கள் என்பதை அவர் மறக்கவில்லை.

வீட்டைப் போய்ப் பார்த்தேன். பழைய வீடு, நல்ல சுவர், கூரையில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. அன்றிரவே நான்கு தாள் கீறித் தள்ளிவிட்டேன். எனக்குள் ஒரு வெறி வந்திருந்தது. இந்த இடம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கக் கூடாது, மடம் மாதிரி இருக்கக் கூடாது, வீடாக இருக்க வேண்டும். மரியாதையான வீடு.

மரியாதையான வீடு என்றால் என்ன என்பதை நான் என் அம்மாவிடம் படித்தேன். அப்பா கண்டி டவுன் ரோடுகளைக் கூட்டியவர். ரோடு கூட்டுகிறவன் வீடு எப்படி இருக்கும் என்று ஊரார் மனதில் ஒரு எண்ணம் இருந்தது. அதைப் பொய்யாக்குவதே அம்மாவின் வாழ்நாள் வேலை. வாசலில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு சாக்கு. மந்திரியே வந்தாலும் செருப்பைக் கழற்றி, காலைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். இரண்டே அறைதான், ஆனால் தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம். செருப்போடு நடக்கிற இடம் ரோடு, செருப்பைக் கழற்றுகிற இடம் வீடு. இதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

ஆகவே அந்த வீட்டின் வாசலை நான் கோயில் வாசல் மாதிரிச் செய்தேன். இரண்டு படி, பக்கத்தில் ஒரு குழாய், கால் கழுவ ஒரு கருங்கல், உட்கார ஒரு சின்ன பெஞ்சு, சுவரோடு செருப்பு வைக்கத் தட்டுகள். உள்ளே ஹோல் முழுவதும் பளிச்சென்ற வெள்ளை டைல்ஸ். நான் பிளான் கீறிக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் சாமான் விற்ற ஹார்ட்வெயார் முதலாளி ஒருவர் புண்ணியமாகப் போகட்டும் என்று சும்மா தந்தது. அதை ஒட்டிய மேசன் பாஸ், எங்கள் மஹய்யாவைக்காரர்தான், கடைசிக் கல்லை ஒட்டிவிட்டு எழுந்து நின்று, "அக்கா, இதுல மொகம் பாத்துத் தல சீவலாம்" என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை.

திறந்த அன்று பால் பொங்கினோம். மிஸ்ஸி முழந்தாளிட்டு ஜெபம் சொன்னார், பாஸ் தேங்காய் உடைத்தார், நான் பொங்கி வழிந்த பாலைத் துடைத்தேன். நான்கு கட்டில்களிலும் புதிய படுக்கை விரிப்பு.

முதல் வாரம் அந்த விரிப்புகள் கசங்கவே இல்லை.

ஆட்கள் வராமல் இல்லை. மிஸ்ஸி பஸ் ஸ்டாண்டிலும் மார்க்கெட் பக்கமும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார். கேட் வரைக்கும் வந்தார்கள். தேத்தண்ணி கொடுத்தால் கேட்டில் நின்றே குடித்தார்கள். வாசலைப் பார்த்தார்கள். "அப்புறம் வாறோம் மிஸ்ஸி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். ஒரு மனிதர் பெஞ்சு வரைக்கும் வந்து, குனிந்து செருப்பின் வாரில் கை வைத்து, பிறகு என்ன நினைத்தாரோ, நிமிர்ந்து திரும்பிவிட்டார். நான் ஆபீஸ் வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு தினமும் பின்னேரம் வந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்களில் ஒரு அம்மா. வயது அறுபது இருக்கும். மெலிந்த உடம்பு, இடது கால் மட்டும் வீங்கி, பாதத்தை ஒரு சிலிசிலி பொலித்தீன் பையால் சுற்றி அதன் மேல் செருப்பைக் கயிற்றால் கட்டியிருந்தார். மூன்று நாள் தொடர்ந்து வந்தார். மூன்று நாளும் கேட்டுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். மிஸ்ஸிக்கு அவரைப் பற்றித் தெரிந்திருந்தது.

"சீனி" என்றார் மிஸ்ஸி என்னிடம். "பாதத்துல புண்ணு. ரெண்டு வெரலு கறுத்துப் போச்சு. கிளினிக்ல மூணு கெழம தவணை குடுத்திருக்காங்க. தெனம் சுத்தமாக் கட்டி, கால ஒசத்தி வச்சுப் படுத்தா காப்பாத்தலாம். இல்லேன்னா அன்னைக்கு எடுத்துருவாங்க, முழங்காலுக்குக் கீழ. தெருவுல ஒத்தக் காலோட அந்த மனுசி எப்படிப் பொழைக்கும்?"

எனக்கு அப்பாவின் கால் ஞாபகம் வந்தது. பயமும் வந்தது. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். நேரே கேட்டுக்குப் போனேன்.

"என்னா, உள்ள வர்றதுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா? கட்டில் கெடக்கு, மிஸ்ஸி நிக்கிறாங்க, மருந்து இருக்கு. கால் போறதுதான் ஆசையா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. "இல்லீங்க நோனா" என்றார், பெரிய வீட்டு எஜமானியைக் கூப்பிடுகிற மாதிரி. பிறகு மெல்ல எழுந்து, கம்பை ஊன்றிக்கொண்டு இறங்கிப் போனார். மிஸ்ஸி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதுதான் எனக்குச் சுருக்கென்றிருந்தது.

இரண்டு நாள் கழித்து பின்னேரம் நல்ல மழை. குண்டசாலை பஸ் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் நனையாத இடம் தேடிப் போனபோது, ஒரு பெஞ்சின் ஓரத்தில் அவர் இருந்தார். பக்கத்தில் மட்டும்தான் இடம். கண்டும் காணாதவள் மாதிரி நிற்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். வெட்கமாக இருந்தது. போய் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்றேன். "நோனான்னு கூப்பிடாதீங்க. நானும் மஹய்யாவதான்."

"நீங்க ஏசினதுக்காக நான் போகலீங்க" என்றார். "நான் ஏச்சு வாங்காத வீடா? ஒங்க வீட்டத் தெனமும் பாக்கணும்னுதான் ஆசை. உள்ள வரத்தான் முடியல."

"ஏன்?"

அவர் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவசரமே இல்லை.

"தேயிலைத் தோட்டத்துலேர்ந்து பன்னெண்டு வயசுல என்ன டவுனுக்கு வேலைக்கு விட்டாங்க. நாலு வீட்டுல இருந்திருக்கேன். கடைசி வீட்டுல மட்டும் இருவத்தெட்டு வருசம். அந்த வீட்டுலயும் ஒங்க தரை மாதிரிதான், வெள்ளைக் கல்லு. காலைல தொடைப்பேன், மத்தியானம் தொடைப்பேன், விருந்தாளி வந்து போனாத் தொடைப்பேன். நான் நடந்த அடிய நானே தொடைச்சுக்கிட்டுப் பின்னால பின்னால போவேன். முட்டி போட முடியாமப் போனப்ப, போய்ட்டு வான்னுட்டாங்க." கட்டியிருந்த காலைக் காட்டினார். "இப்ப செருப்பக் கழட்டி இந்தக் கால அந்தக் கல்லுல வச்சா என்னா ஆகும்? சீழ் ஒழுகுதுங்க. ஒவ்வொரு அடியும் தெரியும். நாத்தம் வேற. மிஸ்ஸி நல்ல மனுசி, பின்னாலயே வந்து தொடைப்பாங்க. அதப் பாத்துக்கிட்டு நான் எப்படிக் கட்டில்ல படுப்பேன்?"

என் கண் அவர் செருப்பைக் கட்டியிருந்த கயிற்றுக்குப் போனது.

"அப்புறம் இந்தச் செருப்பு" என்றார். "வெளிய விட்டுட்டு உள்ள வரச் சொல்றீங்க. ரோட்டுல கெடக்குறவங்க யாரும் செருப்ப விட்டுட்டு எங்கயும் போக மாட்டாங்க. தூங்குறப்பகூட கையில கட்டிக்கிட்டுத்தான் தூங்குவோம். ஒரு தடவ போச்சுன்னா அடுத்தது எப்பக் கெடைக்கும்? எனக்கு வெறுங்காலோட நடந்துதான் இந்தப் புண்ணே வந்துச்சு."

மழை விட்டது. குண்டசாலை பஸ் வந்தது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் எழும்பவில்லை.

எத்தனையோ வீடுகளின் வாசலை வரைந்திருக்கிறேன். வாசல் ஒரு ஆளைப் பரீட்சை வைக்கும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. என் அம்மாவின் வாளித் தண்ணீர், நாங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை என்று ஊருக்குச் சொல்வதற்காக வைத்தது. அதைத்தான் நான் அப்படியே தூக்கிக்கொண்டுபோய், உலகத்திலேயே காலை மறைக்க வேண்டியவர்களின் முன்னால் வைத்திருந்தேன். யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்ட கதைதான்.

"அக்கா" என்றேன். அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அதுவரை நான் யோசித்ததுகூட இல்லை. "நாளைக்கு வந்து சொல்றீங்களா? உள்ள வர வேணாம். கேட்டுல நின்னு சொல்லுங்க. எது எப்படி இருந்தா நீங்க வருவீங்கன்னு."

அவர் சிரித்தார். "என்னையா கேக்குறீங்க?"

"ஒங்களத்தான்."

மறுநாள் வந்தார். மிஸ்ஸி கேட்டருகிலேயே ஒரு கதிரையைப் போட்டு, மேலே குடையைக் கட்டி, அங்கேயே அவருடைய புண்ணைக் கழுவத் தொடங்கினார். உள்ளே வர முடியாது என்றால் மருந்து வெளியே வரட்டும் என்று மிஸ்ஸிக்கு அது ஒரு சாதாரண முடிவு. எனக்கு அது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் கதிரையில் மருந்து கட்டினால் மட்டும் போதாது. காலை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும், ஈரம் படக் கூடாது. இரவில் அவர் திரும்பவும் சிமெந்தில்தான் படுத்தார். தவணைக்கு இரண்டு கிழமைதான், பதினாலு நாள்தான் இருந்தது.

மருந்து கட்டும்போது அக்கா கம்பை நீட்டி நீட்டிச் சொன்னார், நான் தாளில் கீறிக்கொண்டேன். செருப்புத் தட்டை எடுக்க வேண்டும். மருந்து கட்டுகிற கதிரை, வாசலைத் தாண்டிய உடனே முதல் அறையில் இருக்க வேண்டும், அதுவரைக்கும் செருப்போடு வரலாம், அதற்குப் பிறகும் விரும்பினால் செருப்போடு வரலாம். கட்டில்களைச் சுவரோடு தலைப்பக்கம் வைத்துப் போட வேண்டும், படுத்தபடியே கதவு கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

"முதுகுப் பக்கம் கதவு இருந்தா எங்களுக்குத் தூக்கம் வராதுங்க. யாரு வாறான்னு தெரியணும்."

ஒவ்வொரு கட்டிலுக்கும் பூட்டுகிற ஒரு பெட்டி, திறப்பு படுக்கிறவர் கையில். ஒரு சின்ன லைட் எப்போதும் எரிய வேண்டும். எல்லாம் சரி என்று எழுதிக்கொண்டேன். தரைக்கு வந்தோம்.

"டைல்ஸைக் கொத்திட்டு மேல செவப்பு சீமெந்து போட்டுருவோம் அக்கா" என்றேன். சிவப்புச் சீமெந்து என்றால் பழைய வீடுகளில் இருக்கும், மெழுகு போட்டுத் தேய்த்தால் மின்னும். எனக்கு அழகாகத்தான் பட்டது.

அவர் மிஸ்ஸியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதுவும் நான் தேங்காமட்டையால தேச்சதுதாங்க" என்றார்.

மிஸ்ஸி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாம்பல் நிறத்தில் வெறும் சிமெந்து, மெழுகு இல்லை, மினுமினுப்பு இல்லை, ஈரத்தில் வழுக்காத மாதிரி கொஞ்சம் கரகரப்பு. வாழ்க்கையில் முதன்முறையாக அழுக்குத் தெரியாத ஒரு தரையை வேண்டுமென்றே கீறினேன்.

மேசன் பாஸைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. "அக்கா, போன மாசம் ஒட்டினத இந்த மாசம் கொத்தச் சொல்றீங்க. ஊரு சிரிக்கும். முதலாளி கேட்டா என்னா சொல்றது?"

"எனக்குப் பைத்தியம்னு சொல்லு."

"அது அவருக்கு ஏற்கனவே தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே உளியை எடுத்தார். ஆனால் யாருக்காக என்று மிஸ்ஸி சொன்ன பிறகு, அந்த மனிதர் வேறு இரண்டு வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு, விடியற்காலையிலேயே வந்து கொத்தினார். முதல் அறையை மட்டும் முதலில் முடித்துத் தருகிறேன், ஒரு கட்டிலைப் போட்டுவிடுங்கள் என்றார். ஆறு நாளில் முடித்தார். சிமெந்து காய மழை விடவில்லை. அவர் தன் வீட்டிலிருந்து ஒரு மின்விசிறியைக் கொண்டுவந்து தரையைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அதற்காக அவருக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஹார்ட்வெயார் முதலாளியிடம் நானே போனேன். நடந்ததைச் சொன்னேன். தாராளமாகத் திட்டுவார் என்று வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் பில் புத்தகத்தை மூடிவிட்டு, "எங்கட உம்மாக்கும் காலுதான்" என்றார். சிமெந்து மூட்டைகளைத் தானே பார்த்து ஏற்றிவிட்டார்.

அக்கா உள்ளே வந்த நாள் ஒரு வியாழக்கிழமை. தவணைக்கு எட்டு நாள் இருந்தது. கேட்டைத் தாண்டினார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு வாசலில் நின்றேன், மிஸ்ஸி என் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தார். "நின்னு பாக்காத பிள்ள. சும்மா வேலயப் பாரு" என்றார். நான் சமையலறைக்குப் போய் இல்லாத ஒரு வேலையைத் தேடினேன். செருப்புச் சத்தம் சிமெந்தில் கேட்டது. ஒரு அடி, கம்பு, ஒரு அடி. கதிரை கிறீச்சிட்டது. மருந்து கட்டி முடிந்ததும் அவர் கட்டிலில் சாய்ந்தார். காலுக்குக் கீழே மூன்று தலையணை. அன்றைக்கும் மறுநாளும் அவர் தூங்கினார், மிஸ்ஸி சாப்பாட்டுக்கு மட்டும் எழுப்பினார். அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததே இல்லை. மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அக்கா தூங்குகிற செய்தி எப்படியோ போயிருந்தது.

அந்த எட்டு நாளும் நான் கும்பிடாத சாமி இல்லை. மிஸ்ஸியின் மாதாவையும் விடவில்லை.

கிளினிக்குக்கு நான்தான் கூடப் போனேன். நீளமான வரிசை, மருந்து மணம், எங்கள் முறை வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. டொக்டர் இளம்பெண், சிங்களவர். கட்டை அவிழ்த்து, குனிந்து, விரலால் அழுத்தி, நெடுநேரம் பார்த்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் நிமிர்ந்து, புண் மேலே ஏறுவது நின்றுவிட்டது, கால் இருக்கட்டும் என்றார். ஆனால் கறுத்த இரண்டு விரலில் சின்னது செத்துவிட்டது, அதை எடுத்தே ஆக வேண்டும் என்றார். இதை நான் தமிழில் அக்காவிடம் சொல்ல வேண்டும். "கால் இருக்குமாம்" என்று தொடங்கியவள், மிச்சத்தைச் சொல்ல முடியாமல் நின்றுவிட்டேன். அவருக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார் அவர்.

விரலை எடுத்தார்கள். நாலாம் நாள் துண்டு வெட்டினார்கள். ஆட்டோவில் மஹய்யாவைக்குக் கூட்டிவந்தோம்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம். மிஸ்ஸி தினமும் கட்டினார். நான் சனி, ஞாயிறில் சமைக்கப் போவேன், அக்கா கட்டிலில் இருந்தபடியே என் சமையலைப் பழித்துக்கொண்டிருப்பார். உப்புக் கூட, புளி குறைய என்று அவர் சொல்லும்போது எனக்குக் கோபம் வரவில்லை. என் கணவர் இதைக் கேட்டுத் தன் காதையே நம்பவில்லை. கட்டில்கள் நான்கும் நிறைந்திருந்தன. புதிதாக வருகிறவர்கள் கேட்டில் தயங்கினால், அக்கா ஜன்னலால் எட்டிப் பார்த்து, "செருப்போட வாங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று சத்தம் போடுவார். பின்னால் இருந்த சின்ன அறையை மிஸ்ஸி அவருக்கே கொடுத்துவிட்டார். திரும்ப ரோட்டுக்குப் போவது என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஆனால் எனக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அவர் முதல் முறை கேட்டுக்கு வந்த நாளிலிருந்து உள்ளே வந்த நாள் வரைக்கும் எண்ணிப் பார்த்தால் இரண்டு கிழமைக்குக் கிட்ட. அந்த இரண்டு கிழமையும் என் டைல்ஸ். மிஸ்ஸியிடம் கேட்டேன். "அந்த வெரல் எப்படியும் போயிருக்கும் பிள்ள" என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர், அதனால்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. புண் முழுதாக மூடிவிட்டது. மிஸ்ஸி கட்டை அவிழ்த்துவிட்டு, இனிக் கட்டத் தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் பூசைக்குப் போயிருந்தார். அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையில் அவருக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"அக்கா, ஒரு விசயம் சொல்லணும். அந்த வெரல் என்னாலதான் போச்சு. நான் முதல்லயே ஒங்களக் கேட்டிருந்தா, அது இப்ப இருந்திருக்கும். என்ன மன்னிச்சுருங்க."

அவர் என்னை ஏசினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். ஏச்சு எனக்குப் பழகிய பாஷை.

"தங்கச்சி" என்றார். "நான் பொறந்தது தோட்டத்து லயத்துல, வரிசையாக் கெடக்குற ஒத்த அறையில. அது எங்களக் கேட்டுக் கட்டினது இல்ல. அப்புறம் நாலு வீடு. எல்லாம் பெரிய வீடு. எல்லாத்துலயும் குசினி மூலையிலதான் படுத்தேன். அப்புறம் பஸ் ஸ்டாண்டு. அறுவத்து மூணு வருசத்துல, கதவு எங்க இருந்தா ஒனக்குத் தூக்கம் வரும்னு என்ன யாருங்க கேட்டாங்க? கட்டி முடிச்ச தரைய எனக்காக யாரு கொத்தினாங்க?" என் தலையில் கை வைத்தார். கை கரடுமுரடாக, சூடாக இருந்தது. "ஒரு வெரலுக்கு அழாத. எனக்கு ஒம்பது இருக்கு."

நான் அழுதேன். அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இவளை நம்பினால் இன்றைக்குத் தேத்தண்ணி கிடைக்காது என்று சொல்லிக்கொண்டு எழுந்தார். கம்பைத் தேடவில்லை. சமையலறை வரைக்கும் தானே நடந்து போனார், இரண்டு காலாலும்.